அடையாள எண்ணை வழங்குவது யார்?

மென்பொருள் குழு ஒன்றில் அடையாள எண்களைப் பற்றிய பேச்சு தொடங்கினால், அது பெரும்பாலும் வடிவத்தைப் பற்றிய வாதமாகவே முடிகிறது. ஒருவர் யாரையும் கேட்காமல் உருவாக்கக்கூடிய நீண்ட எண்ணான யூயூஐடி வேண்டும் என்பார்; இன்னொருவர் அது நீளம், வரிசை எண்ணே போதும் என்பார்; மூன்றாமவர் தான் எங்கோ படித்த ஸ்னோஃபிளேக் முறையை முன்வைப்பார். என்னைக் கேட்டால் வடிவம் இரண்டாம் கேள்விதான். இந்த எண் வேறெங்கும் மறுபடி வராது என்ற உறுதியை யார் தருகிறார், எதை நம்பித் தருகிறார் என்பதே முதல் கேள்வி. ஒவ்வொரு முறைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒவ்வொன்றாகக் கூட்டி எண் கொடுக்கும் எண்ணி, தான் கொடுத்த கடைசி எண்ணை மறக்காது, கடிகாரம் பின்னோக்கிப் போகாது, இரண்டு சர்வர்களுக்கு ஒரே பெயர் அமையாது, எந்த ஒழுங்கும் இல்லாமல் எடுத்த சமவாய்ப்பு எண்ணை யாராலும் ஊகிக்க முடியாது. திட்டம் சிறியதாக இருக்கும்வரை அந்த நம்பிக்கை அதை எழுதியவரின் மனத்தில் பத்திரமாக இருக்கும். ஆட்கள் மாறி, சர்வர்கள் பெருகி, நிரல் பல கைகளுக்குப் போன பிறகு அது யார் நினைவிலும் இருப்பதில்லை. ஒரே எண் இரண்டு பதிவுகளுக்குப் போய்விடும் மோதல்கள் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான்.

எளிய நிலையிலிருந்து வருவோம். ஒரு தரவுத்தளம், ஓர் அட்டவணை, புதிய பதிவு வரும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும் ஓர் எண்ணி. டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேர் கையில் ஒரே எண் போய்ச் சேராது அல்லவா, அதே ஏற்பாடு. இதைப் பழைய முறை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண் சிறியது, வாயால் சொல்லலாம், பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணையான இண்டெக்ஸில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், பிழை தேடும்போது எது முன்னால் வந்தது என்று ஏறத்தாழத் தெரியும். ஆனால் அது தராத ஓர் உறுதியை அதனிடம் எதிர்பார்ப்பவர்கள் எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறார்கள். 1043க்குப் பிறகு 1045 வந்திருக்கிறதே, 1044 எங்கே போயிற்று என்று கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனை பாதியில் ரத்தானாலும் அது எடுத்த எண் திரும்ப வைக்கப்படுவதில்லை. திரும்ப வைக்க வேண்டுமென்றால், முன்னால் எடுத்தவர் வேலையை முடிக்கும்வரை பின்னால் வந்தவர் காத்திருக்க வேண்டும். வேகத்துக்காக அந்தக் காத்திருப்பை வேண்டாம் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள். இடைவெளியே இல்லாத எண் சட்டப்படி தேவையென்றால், அது பதிவின் அடையாளமாக இல்லாமல் தனி நெடுவரிசையாக, தனி விதியோடு இருக்க வேண்டியது.

இந்த எளிய எண்ணியும் மறந்துபோனதுண்டு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு வருவதற்கு முன், அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் உள்ள அட்டவணைகளின் எண்ணி நினைவகத்தில் மட்டுமே இருந்தது. சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால், அட்டவணையில் அப்போது இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து அது எண்ணத் தொடங்கும். கடைசிப் பதிவு 500 என்று வைத்துக்கொள்வோம். அதை அழித்துவிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்தால், அடுத்து வருபவருக்கும் 500 கிடைக்கும். அந்த அட்டவணைக்குள் எந்தத் தவறும் இல்லை. 500 என்ற பதிவு ஒன்றுதான் அங்கே இருக்கிறது. பழைய 500ஐ ஏற்கெனவே காப்பகத்துக்கோ வேறொரு சேவைக்கோ அனுப்பியிருந்தால் மட்டுமே சிக்கல் வெளியே தெரியும், அதுவும் மாதங்கள் கழித்து, வேறொரு குழுவின் கண்ணில். 8.0 பதிப்பிலிருந்து எண்ணியின் நிலை வட்டில் எழுதப்படுகிறது. எண் தனித்தது என்றால் எந்த எல்லைக்குள் தனித்தது, இன்று இருப்பவற்றுள் மட்டுமா, இதுவரை இருந்தவை எல்லாவற்றுள்ளுமா என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. நொடிக்கு ஆயிரம் எண் செலவானால் 25 நாளுக்குள் அது தீர்ந்துவிடும்; தோல்வியடைந்த முயற்சிகளும் எண்ணைச் செலவழிக்கும் என்பதால் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது. புதிதாகத் தொடங்கும் எந்த அட்டவணைக்கும் 64 பிட் வைப்பதில் நட்டம் ஏதுமில்லை. பழைய அட்டவணையை மாற்றும்போது முதன்மை நெடுவரிசையை மட்டும் மாற்றிவிட்டு, அதைச் சுட்டும் பிற அட்டவணைகளின் நெடுவரிசைகளை 32 பிட்டாகவே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

வரிசை எண்ணின் பெரிய குறை வேறு: அது பேசும். இரண்டாம் உலகப் போரின்போது, கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் பாகங்களில் பொறித்திருந்த வரிசை எண்களைக் கொண்டு, மாதத்துக்கு எத்தனை டாங்கிகள் உற்பத்தியாகின்றன என்று நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு வழக்கமான உளவுத் தகவல் சொன்ன எண்ணிக்கை 1550; வரிசை எண்களிலிருந்து கணித்தது 327; போருக்குப் பின் ஜெர்மானியப் பதிவேடுகளில் கிடைத்தது 342. கணக்கின் எளிய வடிவம் இதுதான்: கையில் கிடைத்த எண்களில் மிகப் பெரியதை எடுத்து, அதை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்து வந்ததை அதனோடு கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு சேவையில் திங்கட்கிழமை ஓர் ஆர்டர், அடுத்த திங்கட்கிழமை இன்னொன்று என்று போட்டுவிட்டு, இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால், அந்த நிறுவனத்தின் ஒரு வார வணிகம் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும். முகவரியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டிப் பார்த்து அடுத்தவருடைய ஆவணத்தைத் திறக்க முயல்பவர்களும் உண்டு. அது திறந்துவிட்டால் குற்றம் எண்ணின் மேல் இல்லை, அனுமதியைச் சரிபார்க்காத நிரலின் மேல்தான். ஊகிக்க முடியாத எண் வைத்திருக்கிறோம் என்பதற்காக அனுமதிச் சோதனையை விட்டுவிடலாம் என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். யூயூஐடி தரநிலையே அதை வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

ஒரே இடத்தில் கேட்டு வாங்கும் முறை, அந்த இடம் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதால், பெரிய அமைப்புகளில் முதலில் பங்கு பிரிப்பாக மாறுகிறது. ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம் 2010இல் விவரித்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடித்தமானது: எண் வழங்குவதற்கென்றே இரண்டு மைஎஸ்கியூஎல் சர்வர்கள், ஒன்று ஒற்றைப்படை எண்களை மட்டும் தரும், மற்றது இரட்டைப்படை எண்களை மட்டும் தரும். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்றது ஓடும். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அதே ஆண்டில் ட்விட்டர் வெளியிட்ட ஸ்னோஃபிளேக், பங்கு பிரிப்பை எண்ணுக்குள்ளேயே கொண்டுவந்தது. 64 பிட்டில் குறிக்கான முதல் பிட்டை விட்டுவிட்டால், 41 பிட் மில்லிநொடிக் கணக்கிலான நேரத்துக்கு, 10 பிட் எந்த இயந்திரம் என்பதற்கு, 12 பிட் அந்த மில்லிநொடிக்குள்ளான வரிசைக்கு. 41 பிட் மில்லிநொடி ஏறத்தாழ 69 ஆண்டுகளுக்கு வரும்; 1024 இயந்திரங்கள் ஒவ்வொன்றும் மில்லிநொடிக்கு 4096 எண்கள் வரை, யாரையும் கேட்காமல் தரலாம். யாரையும் கேட்காமல் என்பது முழுவதும் சரியல்ல. இயந்திர எண்ணைத் தொடக்கத்தில் ஒருமுறை யாரிடமாவது கேட்டாக வேண்டும்; கேள்வி ஒவ்வொரு பதிவுக்கும் என்பதிலிருந்து ஒவ்வொரு தொடக்கத்துக்கும் என்று இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு திட்டத்தில் அருகிலிருந்து பார்த்தேன். இயந்திர எண் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. சுமை கூடிய ஒரு நாளில், ஓடிக்கொண்டிருந்த சர்வரின் படிமத்தை (உள்ளிருப்பதன் முழு நகலை) எடுத்து இன்னும் சில சர்வர்களை எழுப்பினார்கள். கோப்பும் அப்படியே நகலாகிவிட்டது. இரண்டு சர்வர்களுக்கு ஒரே இயந்திர எண் என்றால் உடனே எல்லாம் மோதிவிடும் என்று தோன்றும், ஆனால் அப்படி நடக்கவில்லை. மோதுவதற்கு இரண்டும் ஒரே மில்லிநொடியில், ஒரே வரிசை எண்ணோடு எண் கொடுத்திருக்க வேண்டும். குறைந்த சுமையில் பெரும்பாலான மில்லிநொடிகளில் ஓர் எண்கூடக் கேட்கப்படுவதில்லை. எனவே பிழை எப்போதோ ஒன்றாகத்தான் வந்தது, கூட்டம் கூடும் நேரத்தில் மட்டும் வந்தது, சோதனைச் சூழலில் வரவே மறுத்தது. ஒவ்வொரு மில்லிநொடியிலும் வரிசை பூச்சியத்திலிருந்து தொடங்கியதால், மோதிய எண்களின் கடைசி 12 பிட் அநேகமாக எல்லாமே பூச்சியமாக இருந்தன. அதைக் கவனித்த பிறகுதான் நகலெடுத்த கோப்பு வரை தடம் பிடிக்க முடிந்தது. இயந்திர எண்ணைக் கோப்பில் எழுதாமல், குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் குத்தகையாக ஒரு பொது இடத்தில் எடுத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

நேரத்தை நம்பும் முறைகளுக்கு இன்னொரு ஆபத்து கடிகாரத்திலிருந்தே வருகிறது. கணினியின் கடிகாரம் சற்று முந்திக்கொண்டால், வலைப்பின்னல் நேரச் சேவை அதைப் பின்னால் இழுத்துச் சரிசெய்யக்கூடும். அப்போது கடந்துபோன மில்லிநொடி மீண்டும் ஒருமுறை வரும். ஸ்னோஃபிளேக் இதற்கு நேர்மையான வழியைத் தேர்ந்தது: கடிகாரம் பின்னால் போயிருப்பதைக் கண்டால், பழைய நேரத்தைத் தாண்டும்வரை எண் தர மறுத்துவிடும். தவறான எண்ணைத் தருவதைவிடத் தராமலிருப்பது மேல் என்ற அந்த முடிவை, அதைப் பார்த்து எழுதிய பல நூலகங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, உலாவிகளில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட். அதன் எண்கள் 2இன் 53ஆம் அடுக்கு, அதாவது 9007199254740992 வரைதான் பிசகாமல் இருக்கும். அடுத்த எண்ணான 9007199254740993 ஜேசன் என்ற தரவு வடிவத்தின் வழியாக வந்தால், படிக்கும்போதே சத்தமில்லாமல் 2இல் முடிந்துவிடும். ஸ்னோஃபிளேக் எண்கள் தொடக்க நேரத்திலிருந்து 25 நாளுக்குள் இந்த எல்லையைத் தாண்டிவிடும். ட்விட்டர் தன் தரவில் எண்ணாக ஒன்று, எழுத்துச்சரமாக ஒன்று என்று ஐடியை இரண்டு முறை அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

யூயூஐடி இந்த வழங்குபவர் என்ற பாத்திரத்தையே இல்லாமல் ஆக்கப் பார்க்கிறது. 128 பிட், பதினாறடிமான இலக்கங்கள் 32, நடுவே நான்கு இணைகோடுகள், மொத்தம் 36 எழுத்து. அதன் முதல் பதிப்பு நேரத்தையும் வலைப்பின்னல் அட்டையின் 48 பிட் முகவரியையும் சேர்த்தது. நேரத்தை 100 நானோநொடித் துண்டுகளாக, கிரிகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த 1582 அக்டோபர் 15ஆம் தேதியிலிருந்து எண்ணினார்கள்.  எந்தக் கணினி உருவாக்கியது என்பதை எண்ணே சொல்லிவிடும் என்பது அதன் குறை. 1999இல் பரவிய மெலிசா வைரஸை எழுதியவரைத் தேடியபோது, வேர்டு கோப்புகளில் பதிந்திருந்த இத்தகைய எண்கள் துப்பாகப் பயன்பட்டன.

இன்று யூயூஐடி என்றாலே பலரும் நினைப்பது நான்காம் பதிப்பை. மூன்றாம் தொகுப்பின் முதல் இலக்கம் 4 என்றிருந்தால் அது இந்த வகை. அடுத்த தொகுப்பின் முதல் இடத்திலும் நான்கு குறிப்பிட்ட இலக்கங்களுள் ஒன்றுதான் வரும். இவ்விரண்டுக்குமாக 6 பிட் போக, மிச்சம் 122 பிட் முழுக்கச் சமவாய்ப்பு. 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டும் என்ற கணக்கை இங்கே போட்டால், மோதல் வாய்ப்பு பாதியாவதற்கு ஏறத்தாழ 2.71ஐ 10இன் 18ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு எண்கள் வேண்டும்.  அதுவே நொடிக்கு நூறு கோடி வீதம் உருவாக்கினால் ஏறத்தாழ 86 ஆண்டு வேலை. ஆகவே யாரும் பயப்பட வேண்டியதில்லை, எண்ணை வெட்டாதவரை. திரையில் அழகாக இல்லை என்று முதல் 8 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. 8 இலக்கம் என்றால் 32 பிட். அங்கே மோதல் வாய்ப்பு பாதியாவதற்கு ஏறத்தாழ 77,000 பதிவுகளே போதும். நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளில் ஒரு கமிட்டின், அதாவது பதிவான ஒரு மாற்றத்தின், பெயரைச் சுருக்கிக் காட்டும்போது வழக்கமாக 7 இலக்கம் போதும் என்றாலும், லினக்ஸ் கெர்னல் குழுவினர் 12 இலக்கம் எழுதச் சொல்வது இதனால்தான்.

இந்த 122 பிட் கணக்கு நிற்பது ஒரே ஒரு தூணின் மேல்: சமவாய்ப்பு எண் தரும் மூலம் சரியாக இருக்க வேண்டும். 2006இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றத்தால், அந்த மூலத்துக்கு மிஞ்சிய ஒரே மாறுபாடு ஓடும் நிரலின் செயல் எண் மட்டும் என்றாகிவிட்டது. அதன் உச்சம் 32768. 2008 மே மாதம் வரை அப்படியே இருந்தது. அதற்குள் எத்தனையோ சர்வர்களின் ரகசியச் சாவிகள் ஒன்றுபோல் அமைந்துவிட்டன. சாவிகளுக்கு நேர்ந்தது அடையாள எண்களுக்கும் நேரும். மெய்நிகர் இயந்திரத்தை ஓடும் நிலையிலேயே உறையவைத்து இரண்டாக எழுப்பினாலோ, ஒரு செயல்முறை தன் சமவாய்ப்பு நிலையோடு இரண்டாகக் கிளைத்தாலோ, இரண்டு பக்கமும் அதே எண்களை அதே வரிசையில் தரக்கூடும். இயங்குதளத்தின் மூலத்தையே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், மொழியோடு வரும் சாதாரண சமவாய்ப்புச் செயற்கூற்றை நம்பக்கூடாது என்று நான் மறுஆய்வில் வலியுறுத்துவது இதனால்.

நான்காம் பதிப்பின் விலை வேறிடத்தில் தெரியும். முழுக்கச் சமவாய்ப்பான எண்கள் இண்டெக்ஸில் எங்கெங்கோ போய் விழுகின்றன. நினைவகத்தில் இருக்க வேண்டிய பக்கங்கள் (இண்டெக்ஸ் சேமிக்கப்படும் துண்டுகள்) அடிக்கடி தொடப்படும் சில பக்கங்களாக இல்லாமல் முழு இண்டெக்ஸாகவே ஆகிவிடுகின்றன, நிரம்பிய பக்கங்கள் நடுவில் பிளந்துகொண்டே இருக்கின்றன. இன்னோடிபியில் பதிவுகளே முதன்மைச் சாவியின் வரிசையில்தான் அடுக்கப்படும், மற்ற ஒவ்வோர் இண்டெக்ஸும் அந்தச் சாவியைச் சுமக்கும் என்பதால் அடி இரட்டிப்பு. 16 பைட்டில் வைக்க வேண்டியதை 36 எழுத்துச் சரமாக வைத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். 2024 மே மாதம் வெளியான யூயூஐடி தரநிலையான ஆர்எஃப்சி 9562 ஏழாம் பதிப்பைச் சேர்த்தது: முன்னால் 48 பிட் மில்லிநொடி நேரம், பின்னால் 74 பிட் சமவாய்ப்பு. புதியவை இண்டெக்ஸின் ஓரத்திலேயே வந்து சேரும். போஸ்ட்கிரெஸ் 18இல் இதை உருவாக்கும் செயற்கூறு உள்ளேயே வந்துவிட்டது. நான் இப்போது புதிய அட்டவணைகளுக்கு இதையே எடுக்கிறேன். பதிவு உருவான நேரத்தை வெளியாருக்குச் சொல்லக்கூடாத இடங்களில் மட்டும் வெளியே காட்ட வேறொரு எண் வைத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் நிரல் ஓடும்போது பிறக்கும் எண்கள். பெரிய திட்டங்களில் நிரலுக்குள்ளேயே மனிதர்கள் வைக்கும் எண்கள் இன்னொரு தொகுதி: பிழைக் குறிகள், அமைப்புப் புலங்களின் எண்கள், தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்புகளின் வரிசை. இருவர் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்கிறார்கள்; கடைசிக் கோப்பு 41 என்று பார்த்து இருவரும் 42 என்று பெயரிடுகிறார்கள். கோப்புப் பெயரின் பின்பகுதி வேறு என்பதால் கிட் இரண்டையும் முணுமுணுக்காமல் சேர்த்துக்கொள்ளும். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகம் 2008இல் 2.1 பதிப்பில் வரிசை எண்ணை விட்டு நேர முத்திரைக்கு மாறியது இந்தத் தொல்லைக்காகத்தான். ஜாங்கோ என்ற இன்னொரு சட்டகம் எண்ணை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு கோப்பும் தனக்கு முந்தையது எது என்று சொல்ல வேண்டும் என்றது. இருவர் ஒரே கோப்புக்கு அடுத்தது நான் என்று சொன்னால் கிளை பிரிந்திருக்கிறது என்று நிறுத்திவிடும். எனக்கு ஜாங்கோவின் வழி உயர்ந்ததாகப் படுகிறது. நேர முத்திரை பெயர் மோதலைத்தான் நீக்குகிறது. இரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று ஒத்துவருமா என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. பிழைக் குறிகளுக்கும் இதே எண்ணத்தில், எல்லா எண்களும் ஒரே கோப்பில், புதியது எப்போதும் கடைசி வரியில் என்று வைக்கச் சொல்வேன். இருவர் ஒரே நேரத்தில் சேர்த்தால் இணைக்கும்போது முரண் வரும், வர வேண்டும். நீக்கிய எண்ணை அழிக்காமல், பயன்பாட்டில் இல்லை என்று குறித்து அங்கேயே விட வேண்டும். புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற தரவு வடிவத்தில் நீக்கிய புல எண்களை ஒதுக்கியவை என்று அறிவிக்க வழி வைத்திருப்பதும் இதற்கே: பழைய தரவு எங்கோ ஒரு வட்டில் இன்னும் இருக்கும்.

கடைசியாக, எந்த முறையை எடுத்தாலும் அட்டவணையில் தனித்தன்மைக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் மறுக்கும் விதி, இருக்க வேண்டும். யூயூஐடி மோதவே மோதாது, பிறகு எதற்கு என்று அதை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. பதிவு பிறக்கும் முன்பே, கோரிக்கை அனுப்பும் பக்கத்திலேயே எண் உருவாகிவிடுவதுதான் யூயூஐடியின் உண்மையான ஆதாயம். பதில் வராமல் இணைப்பு அறுந்தால் அதே எண்ணோடு அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பலாம், இரண்டாவது வந்ததை அந்தக் கட்டுப்பாடு தடுத்துவிடும். கட்டுப்பாடு இல்லையென்றால் பணம் இருமுறை கழியும். தடுக்கப்பட்ட பதிவு ஏற்கெனவே இருப்பதோடு அச்சாக ஒத்திருந்தால் அது மறுமுயற்சி, பழைய பதிலையே திருப்பித் தரலாம். உள்ளடக்கம் வேறு, எண் மட்டும் ஒன்று என்றால், புது எண் எடுத்து மறுபடி முயலும் வளையத்துக்குள் அதைப் போட்டு மூடிவிடக்கூடாது. 122 பிட்டில் தானாக நேர்ந்த மோதலை இதுவரை நான் கண்டதில்லை. கண்டவை எல்லாம் நகலான படிமம், வெட்டிய எண், சோதனைக்காக நிலையாக வைத்து எடுக்க மறந்த விதை (சமவாய்ப்பு எண்கள் தொடங்கும் மதிப்பு) என்றுதான் முடிந்தன. ஆகவே அந்த இடத்தில் நிரல் நிற்க வேண்டும், இரண்டு பதிவுகளின் மூல சர்வர்களும் நேரமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், பணியில் இருப்பவருக்கு அழைப்பு போக வேண்டும்.